நீல்டா மறைத்த பெட்டிகள்

மோஹோன் ஓடையில் நீல்டாவுக்கு ‘மூக்கு’ என்று பெயர். தேன்பெட்டியின் மூடியைத் தூக்குமுன்பே உள்ளே தேனீக் குஞ்சுப் புழுக்கள் நலமா இல்லையா என்று மோந்து சொல்லிவிடுவாள். பெயரை வைத்தவர் சொய்லோ கிழவர். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பெயர் வைப்பது அவர்தான். பலருக்கு அவர் வைத்த பெயரைக் கேட்டால் கோபம் வரும். நீல்டாவுக்கு வராது. ‘மூக்கு’ என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவாள்.

நான் கடைப்படகு ஓட்டுகிறவன். மாவு, எண்ணெய், நாங்கள் தேநீர்போல உறிஞ்சிக் குடிக்கும் மாத்தே இலை, மண்ணெண்ணெய், சோப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு ஆற்றுக் கழிமுகத்தில் தீவு தீவாகப் போய் ஒவ்வொரு வீட்டுத் துறையிலும் நிறுத்துவேன். யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை எனக்குத் தெரியும். இந்தக் கதையில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை நீல்டாவே என் படகில் உட்கார்ந்து சொன்னாள்.

எங்கள் தீவுகளுக்கு மின்கம்பி வந்ததில்லை, சாலையும் கிடையாது. மாட்டுக்கு வைத்தியம் பார்க்கவே ஆள் வராத இடத்தில் தேனீக்கு யார் வரப்போகிறார்கள்? பெட்டிகளைக் காப்பாற்றுவது அவரவர் பாடு. நீல்டாவின் கணவன் பாப்லர் மரம் வெட்டப் போன இடத்தில் வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். அவள் அழுது பார்த்தவர்கள் கிடையாது. அந்த வருடமே நகரத்துக்குப் போய், தேனீ நோய்கள் பற்றி நடந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு திரும்பினாள். திரும்பியவள் சும்மா இருக்கவில்லை. கறுத்துப்போன பழைய அடைகளை எடுத்துவிட்டுப் புது மெழுகு வைக்கச் சொன்னாள். எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களைப் பழைய எண்ணெய் ஊற்றிய தகர டப்பாக்களில் நிறுத்த வைத்தாள். எங்கே கிடைத்தது என்று தெரியாத தேனைத் தேனீக்களுக்குத் தீனியாக வைக்கக் கூடாது என்றாள். ஒரு கை தேனீக்களைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, பொடித்த சர்க்கரையைத் தூவிக் குலுக்கி, உதிர்கிற உண்ணிகளைப் பார்த்து, பெட்டிக்கு மருந்துப் பட்டை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுவாள். அடைகளைக் கண்டபடி திறந்து போட்டால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் தேனைக் கொள்ளையடிக்க வரும் என்று திட்டுவாள். எங்கள் ஓடையில் தேனீ வைத்திருந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். வருடா வருடம் குளிர் விட்டதும் எல்லாப் பெட்டிகளையும் சோதிக்கும் வேலையை நீல்டாவிடம் கொடுத்தோம். நோய் என்று அவள் சொல்லிவிட்டால் மறுபேச்சு கூடாது என்பது சங்கத்தின் விதி. அந்த விதியைப் போட்டவளும் அவள்தான்.

முதல் பெரிய சோதனை எலிசேயோவின் பெட்டிகளில் வந்தது. எலிசேயோவும் அவன் மனைவி பெர்தாவும் அவளுக்கு ஓடையின் எதிர்க்கரை. அவர்கள் மகள் ரொசீயோவுக்கு நீல்டாதான் ஞானத்தாய். அந்த உறவில் எலிசேயோ அவளை ‘கொமாத்ரே’ என்றும் அவள் அவனை ‘கொம்பாத்ரே’ என்றும்தான் கூப்பிடுவார்கள். கூடப்பிறந்தவர்களைவிட அதிகமான மரியாதை அது.

அன்று அவள் மூன்றாவது பெட்டியைத் திறக்கும்போதே முகத்தைச் சுளித்தாளாம். தச்சன் காய்ச்சுகிற வஜ்ஜிரப் பசையின் நாற்றம். புழு அறைகளின் மூடிகள் குழிந்து, எண்ணெய் பட்டது போல் கறுத்து, ஓட்டை விழுந்து கிடந்தன. ஓர் அறைக்குள் தீக்குச்சியை விட்டு மெல்ல இழுத்தாள். காப்பி நிறத்தில் சளி போல ஒரு நூல் நீண்டது. மற்றப் பெட்டிகளிலும் அப்படியே. புழு அழுகல். தேனீ வளர்ப்பவன் கேட்க விரும்பாத வார்த்தை அதுதான்.

எலிசேயோ கெஞ்சினான். கோழிக்கும் மாட்டுக்கும் போடுகிற மருந்துத் தூள் ஒன்று இருக்கிறது, அதைச் சர்க்கரையில் கலந்து தூவினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தான். சங்கத்தார் எல்லாரும் சுற்றி நிற்க நீல்டா சொன்னாள்.

“தூள் போட்டா நாத்தம் போவும், கொம்பாத்ரே. நோய் போவாது. அடையிலயும் மரத்துலயும் அது வித்தா ஒளிஞ்சு கெடக்கும், உங்க காலத்துக்கப்புறமும் கெடக்கும். அதைப் போட்டு மூடி வைக்கிறவன் பக்கத்து வீட்டுக்கு நெருப்பு வைக்கிறவன்.”

எலிசேயோ மண்வெட்டியை எடுத்தான். குழி தோண்டினான். தேனீக்கள் எல்லாம் அடைந்த பிறகு, அந்தி நேரத்தில் பெட்ரோல் ஊற்றி அவற்றைக் கொன்று, அடை தாங்கும் மரச்சட்டங்களை அடையோடும் தேனோடும் குழியில் போட்டுக் கொளுத்தினான். காலிப் பெட்டிகளை மட்டும் உள்பக்கம் கருகும்படி நெருப்பில் வாட்டி வைத்துக்கொள்ள நீல்டா அனுமதித்தாள். கடைசிவரை கூடவே நின்று பார்த்தாள். அந்தக் கோடை முழுக்க எலிசேயோ கூலிக்கு மரம் வெட்டினான். சொய்லோ அவனுக்கு ‘கரிக்காரன்’ என்று பெயர் வைத்தார். பெர்தா அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நீல்டாவுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பாள். அது நின்றது.

ஆனாலும் எலிசேயோ நல்லவன். அடுத்த வசந்தத்தில் ஒரு தேனீக் கூட்டத்தைப் பிடித்து, வாட்டிய பெட்டியில் குடிவைத்து, மறுபடி தொடங்கினான். நீல்டா செய்தது சரிதான் என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

அதற்கடுத்த வருடம், ஆற்றோர மரங்கள் பூக்கத் தொடங்குமுன், நீல்டா தன் பெட்டிகளைத் திறந்தாள். மற்றவர்களிடம் போகுமுன் தன்னுடையதைப் பார்ப்பது அவள் வழக்கம். ஓரத்துப் பெட்டியில் அந்த நாற்றம் வந்தது. முதலில் நம்பவில்லை. தீக்குச்சியை விட்டு இழுத்தாள். நூல் நீண்டது. பக்கத்துப் பெட்டியிலும் நீண்டது.

“அப்ப நான் என்ன பண்ணினேன் தெரியுமா?” என்று பின்னால் அவள் என்னிடம் கேட்டாள். “திரும்பி ஓடையப் பார்த்தேன். யாராச்சும் படகுல போறாங்களான்னு. நோயப் பத்தி நெனைக்கல. யாரும் பாத்துட்டாங்களான்னுதான் நெனச்சேன்.”

யாரும் போகவில்லை. அவள் மூடியை மூடினாள்.

அந்த வாரம் என் படகு வந்தபோது, அடுத்த தடவை நகரத்திலிருந்து அந்த மருந்துத் தூள் ஒரு பொட்டலம் வாங்கி வரச் சொன்னாள். கோழிகள் தூங்கித் தூங்கி விழுகின்றன என்றாள். முற்றத்தில் கோழிகள் நன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருந்தன. எனக்கு அது கவனத்தில் ஏறவில்லை. வாங்கி வந்து கொடுத்தேன்.

தூளைச் சர்க்கரையில் கலந்து தூவினாள். அவள் சொன்னபடியே நாற்றம் போயிற்று. புழுக்கள் முத்துப்போல் வெளுத்து வளர்ந்தன. செய்போ மரங்கள் சிவப்பாகப் பூத்தபோது அவள் பெட்டிகள்தான் ஓடையிலேயே பலமானவை. ஊராரின் பெட்டிகளைச் சோதிக்கும் வேலையையும் அவள் விடவில்லை. ஆனால் பெட்டியை நெம்பித் திறக்கும் தன் உளியையும் கையுறையையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். அவரவர் வீட்டு உளியைத்தான் வாங்கிப் பயன்படுத்துவாள். போகுமுன்னும் வந்தபின்னும் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்ப்பாள். எவ்வளவு கவனம் பாருங்கள் என்று எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கக் கேட்க அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம். புகழ்கிறவர்களின் வீட்டில் மாத்தே குடிக்காமல் ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவாள்.

அந்த இலையுதிர்காலத்தில் வெள்ளம் வந்தது. ஆறு மேலிருந்து வீங்கி வந்த அதே நேரத்தில் தென்கிழக்குக் காற்று அடித்து, கீழே போக வேண்டிய தண்ணீரைத் திருப்பித் தள்ளியது. கால் உயர்த்திக் கட்டிய வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் நுழைந்தது. எங்கள் ஓடையில் முழுகாத இடம் சொய்லோவின் யூகலிப்டஸ் மேடு ஒன்றுதான். எல்லாக் குடும்பத்தின் பெட்டிகளையும் அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

நீல்டாவிடம் ஒரு சிறு தோணிதான் உண்டு. எலிசேயோ தன் பெரிய படகைக் கொண்டுவந்து அவள் துறையில் கட்டினான். தன் பெட்டிகளில் பாதி இன்னும் தண்ணீரோரத்தில் நிற்க, முதலில் அவளுடையதைத் தூக்கினான். ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஏற்றினான். மேட்டில் இறக்கும்போது நீல்டா சொன்னாள், தன்னுடையதை மட்டும் தள்ளி ஓரத்தில் வைத்தால் போதும் என்று.

“ஓரத்துல தண்ணி ஏறும், கொமாத்ரே,” என்றான் அவன். “எல்லாத்துக்கும் நடுவுல வைக்கிறேன். ஒங்களுது போச்சுன்னா எங்களுக்கு யாரு இருக்கா?”

அங்கே அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மழை கொட்டிக்கொண்டிருந்தது, எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாளாம். அப்படி நினைக்கும்போதே, பிறகும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீர் வடிய வெகுநாள் ஆயிற்று. பூ இல்லை. பசித்த தேனீக்கள் ஒன்றன் பெட்டியை ஒன்று கொள்ளையடித்தன. மேட்டில் நெருக்கி வைத்த பெட்டிகளுக்கு இடையில் நாள் முழுக்கச் சண்டையாகவே இருந்தது. குளிர் முடிந்து வீட்டுக்கு வீடு பெட்டிகள் திரும்பிய பிறகு நோய் வெளியே தெரிந்தது. சொய்லோவிடம், ஓடை முனையில் இருந்த இரண்டு குடும்பங்களிடம், எலிசேயோவிடம். நீல்டாவின் பெட்டிகளில் மட்டும் இல்லை. அவள் வெள்ளம் வடிந்தவுடன் மறுபடி தூள் தூவியிருந்தாள்.

சங்கம் சொய்லோவின் துறையில் கூடியது. நானும் படகைக் கட்டிவிட்டு நின்றேன். எங்கிருந்து வந்தது என்று பேச்சு எழுந்தபோது எல்லார் கண்ணும் ஒரே ஆளிடம் போனது. முன்பு நோய் கண்டவன் எலிசேயோ ஒருவன்தான். பழைய பெட்டிகளைச் சரியாக வாட்டாமல் வைத்துக்கொண்டான் என்றார்கள்.

“டேய் கரிக்காரா,” என்றார் சொய்லோ, “அன்னிக்கி பெட்டியச் சுட்டியா, இல்ல அந்த நெருப்புல மாத்தேக்குத் தண்ணி காய்ச்சினியா?”

சிலர் சிரித்தார்கள். எலிசேயோ சிரிக்கவில்லை. நீல்டாவைப் பார்த்தான்.

“நீங்க சொல்லுங்க, கொமாத்ரே. நீங்கதான பக்கத்துல நின்னு பார்த்தீங்க.”

நீல்டா தரையைப் பார்த்தபடி, “சுட்டாரு,” என்றாள். அவ்வளவுதான். குரல் எழும்பவே இல்லை. உறவுக்காரனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் மென்று விழுங்குகிறாள் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையைத்தான் சொன்னாள், ஆனால் பொய் மாதிரி சொன்னாள். அந்தப் பொய்த்தனமே அவனுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. நோய் கண்ட மற்றவர்கள் சட்டங்களை எரித்துப் பெட்டியை வாட்டிக்கொள்ளலாம், எலிசேயோ மட்டும் பெட்டி, பலகை எல்லாவற்றையும் எரிக்க வேண்டும், இனி தேனீ வைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. பெர்தா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் படகில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் காலையில் நீல்டா தோணியை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனாள். எலிசேயோ குழி தோண்டிக்கொண்டிருந்தான். எங்கள் மண்ணில் முழங்கால் ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டு மறுபடி தோண்டினான். அவள் கரையில் நின்றபடியே சொல்லி முடித்தாள். ஓரத்துப் பெட்டி, தூள், மேடு எல்லாவற்றையும்.

அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

“வெள்ளத்தன்னிக்கி ஒங்க பெட்டியத் தோள்ல வச்சுத் தூக்கிட்டு வந்தேன்ல. அதுலயா இருந்துச்சு?”

“ஆமா.”

“கனமா இருந்துச்சு. நல்லாத் தேன் வச்சிருக்கு, கொமாத்ரேவுக்கு இந்த வருசம் கஷ்டம் இருக்காதுன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டே தூக்குனேன்.”

அவன் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று நீல்டா பின்னால் என்னிடம் சொன்னாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவன் கேட்டான், மற்றவர்களிடம் யார் சொல்வது என்று. அவன் சொல்ல மாட்டானாம். தன்னுடைய வாயால் இதைச் சொன்னால் பழி தள்ளிவிடுவதாகத்தான் ஊர் நினைக்கும். நீல்டா தானே சொல்வதாகச் சொல்லிவிட்டுத் தோணிக்குத் திரும்பினாள். வீட்டுப் படியில் நின்றிருந்த பெர்தாவின் முகத்தை அவளால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.

அப்படித்தான் அவள் என் படகில் ஏறினாள். சங்கத்தைக் கூட்டிச் சொன்னால் கூட்டத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் தப்பித்துக்கொள்வேன், ஒவ்வொருத்தர் துறையிலும் இறங்கிச் சொல்ல வேண்டும், உன் படகு எல்லா வீட்டுக்கும் போகிறதே என்றாள். மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு துறையிலும் நான் சாமான் எடுத்துக் கொடுக்குமுன் அவள் இறங்கி, எலிசேயோ சரியாகத்தான் எரித்தான், நோய் என்னுடையது, மறைத்து மேட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று சொன்னாள். ஒரு வீட்டில் திட்டினார்கள். ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னிடம் எண்ணெய் மட்டும் வாங்கிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே உள்ளே போனாள். நீல்டா திரும்பி வந்து உட்காரும்போது முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். தலையாட்டினாள், வேண்டாமென்று.

சொய்லோவின் துறை கடைசி. கிழவர் மாத்தேயை உறிஞ்சியபடி கேட்டார்.

“அப்ப மூக்குக்குச் சளி புடிச்சிருந்துதா?”

“இல்ல, தோன் சொய்லோ. நல்லாத் தெரிஞ்சுது நாத்தம்.”

கிழவர் மாத்தேயைக் கீழே வைத்தார். அன்றைக்குப் பிறகு அவர் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

திரும்பி வரும் வழியில்தான் மற்றதெல்லாம் சொன்னாள். எதைக் கேட்காமலிருந்திருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியதோ அதையும் சொன்னாள்.

“அன்னிக்கி கொம்பாத்ரே கெஞ்சினாரே, அப்ப எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க, நான் அசையல. எம்புருசன் போனதுலேர்ந்து யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்ல. அப்புறம் என் பெட்டியில வந்தப்ப, அவரு நின்ன எடத்துல நான் போய் நிக்கணுமேன்னுதான் கூசுச்சு.”

நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் தன் பெட்டிகள் எல்லாவற்றையும் எரிக்க வேண்டியிருந்தது. அவள் தீவில் குழி போட்டால் தண்ணீர் நின்றுவிடும் அளவுக்கு வெள்ளம் மண்ணை ஊறவைத்திருந்தது. சொய்லோவின் மேட்டில் தோண்ட அனுமதி கேட்டாள். கொடுத்தார். ஆனால் மண்வெட்டியோடு யாரும் வரவில்லை. தனியாகத் தோண்டினாள். அந்தியில் எலிசேயோ தன் சட்டங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தான். தன் குழியில் மறுபடி தண்ணீர் வந்துவிட்டது என்றான். இருவரும் ஒரே குழியில் போட்டார்கள். நெருப்பு அடங்கி, மண் மூடிய பிறகு, “வரேன், தோன்யா நீல்டா,” என்று சொல்லிவிட்டுப் போனான். ஆணுக்குச் சொல்கிற ‘தோன்’ போல, ‘தோன்யா’ என்பது உறவில்லாத பெண்மணிக்குச் சொல்கிற மரியாதை. நீல்டா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று சொய்லோ சொன்னார்.

எலிசேயோ மேல் போட்ட தடையைச் சங்கம் எடுத்தது. சோதிக்கும் வேலைக்கு ஆள் வேண்டுமே என்று யோசித்தபோது, பெர்தா தானே முன்வந்தாள். இத்தனை நடந்த வீட்டுக்காரிக்கு நாற்றம் மறக்காது என்றாள். சந்தேகம் வந்தால் நீல்டாவிடம் ஆள் அனுப்பிக் கேட்பாள். நேரில் கேட்டது கிடையாது.

நீல்டா ஒரு வருடம் தேனீ இல்லாமல் இருந்தாள். கோழிக்குஞ்சு, கூடை முடைவது என்று ஓட்டினாள். பிறகு ஓடையோரத்து மரப்பொந்தில் குடியேறிய ஒரு கூட்டத்தைப் பிடித்துப் புதுப் பெட்டியில் வைத்தாள். சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினாள். ரொசீயோவுக்குப் பதினைந்து வயது நிறைந்த விருந்துக்கு ஞானத்தாய் என்ற முறையில் அழைப்பு வந்தது. போனாள், பரிசு கொடுத்தாள், சாப்பாட்டுக்கு முன்பே காற்று மாறுகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

போன வசந்தத்தில் அவள் துறையில் நான் நிறுத்தியபோது பெர்தா சோதனைக்கு வந்திருந்தாள். பெட்டியருகே போகாமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நீல்டா ஒதுங்கி நின்றாள். பெர்தா சட்டம் சட்டமாக எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள், மோந்தாள், தீக்குச்சியை விட்டு இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மூடியை எடுத்தாள்.

“இன்னொரு தடவ பாருங்க,” என்றாள் நீல்டா.

“பார்த்தாச்சு.”

“ஓரத்துச் சட்டத்த மட்டும். கொஞ்சம் பாருங்க, தோன்யா பெர்தா.”

பெர்தா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மூடியைக் கீழே வைத்துவிட்டு, ஓரத்துச் சட்டத்தை மறுபடி வெளியே எடுத்தாள். ஓடையில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. தரை தட்டுமுன் நான் படகைத் தள்ளினேன்.